புளோரிடா மழைக்குள் நான் அனுப்பிய மெக்கானிக்

இலக்கச் சீட்டு எடுத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்துதான் அந்தப் பெண் என் கவுண்டருக்கு வந்தார்.

நான் அப்போது தென்கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில், பார்க்கிங் அபராதப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கோபத்தோடு வருகிற ஊர். "இரண்டு நிமிடம்தான் நிறுத்தினேன்" என்பதை எத்தனையோ விதமான ஆங்கிலத்தில் கேட்டுக் காது மரத்துப்போயிருந்த காலம். தமிழர் வந்தால் இன்னும் சங்கடம். அபராதத்தைத் தள்ளிவிட வேண்டிய சொந்தக்காரனாக என்னைப் பார்ப்பார்கள். தள்ளாவிட்டால் கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

அதனால் நனைந்த மழைக்கோட்டோடு ஒரு தமிழ் முகம் முன்னால் வந்து நின்றபோதே எனக்கு அலுத்துவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. கையில் அபராதக் கடிதம் இல்லை. நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது.

"அண்ணை, பேப்பர்க்காரர்தான் இடம் சொல்லி விட்டவர். நீங்கள்தானே இந்தக் கார் ஓட்டக் கதை எழுதுறது?"

"ஓம்."

"இதிலை ஒரு மெக்கானிக்கைப் பற்றி எழுதியிருக்கிறியள். அவரின்ரை பேர் உங்களுக்குத் தெரியுமோ?"

கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் துண்டைத் தள்ளினார். மெக்கானிக்கைப் பற்றிய நாலு வரியைச் சுற்றி நீலப் பேனையால் வட்டம் போட்டிருந்தது. மழைத்தண்ணீர் பட்டு மை கொஞ்சம் ஊறியிருந்தது.

அந்த மெக்கானிக்கின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அப்படி ஒரு ஆள் உலகத்தில் இருக்கவில்லை. நான் இட்டுக்கட்டி எழுதிய ஆள் அவர்.

ஒருவருக்கும் கோபம் வராத பக்கம்

கார் ஓட்டவே தெரியாத நான் அமெரிக்கக் கார் பந்தயங்களுக்குள் போய் விழுந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது போர்நிறுத்தக் காலம். சமாதானம் வரும் என்று எல்லாரும் பாதி நம்பிக்கொண்டும் பாதி பயந்துகொண்டும் இருந்தோம். லூயிஷாமில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் பொன்னுத்துரை அண்ணை ஒரு தமிழ் வாரப் பத்திரிகை நடத்தினார். அவரே ஆசிரியர், அவரே கட்டுக் கட்டுபவர், அவரே கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுபவர். பத்திரிகையின் பெயர் இப்போது வேண்டாம். அது போய்ச் சேர்ந்து கனகாலம்.

எதை அச்சடித்தாலும் தொலைபேசி அடித்தது. சமாதானம் வரும் என்று எழுதினால் ஒரு பகுதி திட்டும், வராது என்று எழுதினால் மறுபகுதி திட்டும். தேர்த்திருவிழாப் படத்தில் முன்வரிசையில் நிற்பது யார் என்பதற்கும் சண்டை. அண்ணை ரிசீவரைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிப்பார். அது மேசையில் கிடந்தபடியே கத்தும்.

"ஒரு பக்கமாவது ஒருத்தனுக்கும் கோவம் வராத மாதிரி வேணுமடாப்பா" என்றார் ஒரு நாள். "எங்கடை சனத்தோடை ஒரு சம்பந்தமும் இல்லாத விசயமாப் பாத்து எழுது. கிழமைக்குக் கிழமை இழுக்கக் கூடியதாயும் இருக்க வேணும்."

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களைக் குவித்திருந்த மேசையில், முதுகு கிழிந்த தடித்த புத்தகம் ஒன்று சில்லறைக்குக் கிடைத்திருந்தது. அமெரிக்காவின் நெடுநேரக் கார் ஓட்டங்களின் வரலாறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாண்ட்விச்சும் கையுமாக, ஒரு வருடமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பிடித்தது என்று கேட்டால், வேகத்துக்காக அல்ல. அலுப்புக்காகப் பிடித்தது. அந்த ஓட்டங்களில் யார் வேகமானவர் என்பது இரண்டாவது கேள்வி. ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம், ஒரு பகலும் இரவும் கழிந்த பிறகும் எந்தக் கார் இன்னும் ஓடுகிறது என்பதே முதற் கேள்வி. ஒரு காரை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒருவர் இறங்கும்போது அவர் உடம்புச் சூடு ஆறாத இருக்கையில் மற்றவர் ஏறுவார். பகல் ஷிப்ட் முடித்தவன் எழும்பிய கட்டிலில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுக்கிற வீட்டில் இருந்துதான் நானும் லண்டனைத் தொடங்கினேன். எனக்கு அது விளங்கியது.

ரயிலை மறித்த ஊர்

எழுதத் தொடங்கினேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பாவிலிருந்து திரும்பிய அமெரிக்கர்களுக்கு அங்கே பார்த்த சின்னச் சின்னத் திறந்த கார்கள் மேல் ஆசை வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். நியூயோர்க் மாநிலத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் வீதிகளிலேயே ஓடினார்கள். ஓடுபாதை ரயில் தண்டவாளத்தைக் கடந்து போனது. ஓட்டம் முடியும்வரை ரயிலை மறித்து வைத்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு கார் சனத்துக்குள் பாய்ந்து ஒரு குழந்தை இறந்தது. பிறகு ஊர் வீதியில் ஓட்டம் இல்லை.

புளோரிடாவில், போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு பழைய தளத்தை ஓடுபாதையாக்கினார்கள். கொங்கிரீட் பலகைகளின் இடைவெளிகளில் கார்கள் தடதடவென்று குலுங்கி, நட்டுகள் தாமாகக் கழன்று விழுந்தன. அங்கே நடந்த முதல் ஆறு மணி நேர ஓட்டத்தில் வென்றது எது தெரியுமா? ஓட்டம் பார்க்க வந்த ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்த குட்டிக் கார். இஞ்சினின் அளவுக்கு ஏற்றபடி தூரத்தைக் கணக்கிடும் முறை இருந்ததால், பெரிய கார்கள் அதிகத் தூரம் ஓடியும் அந்தக் குட்டி வென்றுவிட்டது. இதை எழுதிய கிழமை நான் சந்தோசமாக இருந்தேன்.

கடற்கரை நகரத்தின் சாய்ந்த ஓடுதளத்தில் நடந்த ஒரு ஓட்டத்தையும் எழுதினேன். முன்னணியில் நின்ற கார் கடைசி நேரத்தில் இஞ்சின் உடைந்து போனது. ஓட்டியவர் பதறவில்லை. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நேரம் முடிந்து கொடி விழுந்ததும் சரிவில் உருட்டி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் தயவில் கோட்டைக் கடந்து வென்றார். கோட்டைக் கடக்காதவரை, அதுவரை ஓடிய ஓட்டமெல்லாம் வீண். அதுதான் சட்டம்.

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் பட்டியல்கள் இருக்கும். ஓடி முடித்த கார்கள். இடையில் நின்றுபோன கார்கள். கடைசிவரை ஓடியும் போதிய தூரம் ஓடாததால் கணக்கில் சேராத கார்கள். இந்தப் பட்டியல்களையும் விடாமல் போட்டேன். பக்கம் நிரம்ப வேண்டுமே.

"எங்கடை ஆள் ஒருத்தனும் இல்லையோ?"

பத்துக் கிழமை போனது. ஒரு கடிதம் இல்லை, ஒரு தொலைபேசி இல்லை.

"கோவம் வரேல்லை, சரி" என்றார் பொன்னுத்துரை அண்ணை. "ஆனா ஒருத்தனும் வாசிக்கிற மாதிரியும் தெரியேல்லையே. அதுக்குள்ளை எங்கடை ஆள் ஒருத்தனும் இல்லையோ?"

"அண்ணை, அது ஐம்பது, அறுபதுகளிலை புளோரிடா."

"அதுக்கென்ன? எங்கடை ஆள் இல்லாத இடமும் இருக்கோ?"

எங்கள் சனத்துக்கு இது ஒரு நோய். எந்த நாட்டில் எந்தப் பெரிய காரியம் நடந்தாலும் அதன் ஓரத்தில் எங்களில் ஒருவர் நின்றிருக்க வேண்டும். பாலம் கட்டினால் அளவெடுத்தவர் சாவகச்சேரி. ராக்கெட் போனால் கணக்குப் பார்த்தவர் புங்குடுதீவு. நான் இதைப் பார்த்துச் சிரிக்கிறவன்தான். ஆனால் பத்துக் கிழமையாக என்னை ஒருவரும் வாசிக்கவில்லை என்பது என்னையும் சுட்டது.

அந்தக் கிழமை எழுத வேண்டியது மழை ஓட்டம். பழைய விமானத்தளத்தில் ஓட்டத்தின் நடுவே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மெக்கானிக்குகள் நிற்கும் பகுதியில் தண்ணீர் ஏறி டயர்கள் மிதந்து போயின. பெரிய கார்கள் தவழ்ந்தன, சின்னக் கார்கள் அவற்றை முந்தின. ஆனாலும் டெக்சாஸ்காரர்களின் வெள்ளைக் கார் தாக்குப்பிடித்து வென்றது. இதெல்லாம் உண்மை, புத்தகத்தில் உள்ளது.

அதன் பிறகு நான் நாலு வரி சேர்த்தேன். பின்வரிசைக் கார் ஒன்று நனைந்து நின்றுவிட்டதாகவும், அங்கே ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழ் மெக்கானிக் இருந்ததாகவும், அவர் தன் பெட்டியிலிருந்த, இடுப்பில் கட்டும் சாரத்தை எடுத்துக் கிழித்து, மின்கம்பிகளைத் துடைத்துக் காரை மறுபடி ஓடவைத்ததாகவும் எழுதினேன். "அவருடைய பெயர் பதிவாகவில்லை" என்று முடித்தேன்.

பெயர் பதிவாகவில்லை என்று எழுதியதுதான் வினை. பெயர் இல்லாததால் ஆள் எல்லாருக்கும் சொந்தமானார். விம்பிள்டனிலிருந்து ஒருவர், அது தன்னுடைய பெரியப்பாதான் என்று அடித்துச் சொன்னார். சாரம் என்றால் வடமராட்சிதான் என்று இன்னொருவர் வாதாடினார். ஒரு பழைய மாணவர் சங்கம் அவருக்கு மறைந்த மாமேதை என்று ஒரு கேடயம் செய்ய யோசித்து, அவர் பள்ளியில் எந்த ஆண்டு படித்தார் என்று என்னைக் கேட்டது. வெஸ்ட் ஈலிங் கோயில் வாசலில் இரண்டு ஊர்ச் சங்கத்தினர் அந்த மெக்கானிக்கால் முகம் பார்க்காமல் போனதாகக் கேள்வி.

பொன்னுத்துரை அண்ணை பூரித்துப்போனார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

எந்தப் பட்டியல்

இந்தக் கூத்துத் தொடங்கி இரண்டு மூன்று கிழமைகள் கழித்துத்தான் அந்தப் பெண் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். இன்னொரு ஊர்ச் சங்கம் என்று நினைத்து, இடைவேளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்தோம்.

அவரை றெஜினா என்று சொல்லுகிறேன். அது அவருடைய பெயரல்ல. இதை எழுத அவரிடம் கேட்டுவிட்டேன். அவருக்கு இப்போது எல்லாம் தெரியும்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி. லூயிஷாமில் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை. தாயும் அவரும் மட்டும் ஒரு கவுன்சில் வீட்டில். பிறந்து எட்டு மாதத்தில் தகப்பன் கப்பலுக்குப் போனவர்.

"கப்பலிலை இஞ்சின் அறையிலை வேலை செய்தவர். கடைசிக் கடிதம் தம்பா எண்ட இடத்திலை இருந்து வந்தது. புளோரிடாதான். பிறகு கப்பல் திரும்பி வந்தது, அவர் வரேல்லை."

அதை ஏற்கெனவே பலருக்குச் சொல்லிப் பழகியவர் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். பிறகுதான் குரல் மாறியது.

அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசை. நவம்பரில் மரித்தவர்களுக்கான பூசையில், ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுத்த பெயர்களைச் சுவாமியார் வாசிப்பார். றெஜினாவின் தாய் ஆண்டாண்டாக எல்லாப் பெயர்களையும் எழுதிக் கொடுத்தார், கணவன் பெயரைத் தவிர. எழுதினால் தானே அவரைக் கொன்ற மாதிரி என்பாராம். உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டிலும் அந்தப் பெயரைச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டார். கேட்கிற சனத்துக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டதாம்.

அந்த வருடம் தாய்க்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினார். "நான் போகமுந்தி அந்தாளுக்கு ஒரு பூசை வேணும்" என்று, முதல் தடவையாக அந்தப் பெயரை எழுதச் சொன்னார். றெஜினா எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த கிழமை என்னுடைய நாலு வரி வெளிவந்தது.

"வாசிச்சுக் காட்டினன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, போய் அந்தப் பேரை வெட்டிப்போட்டு வா எண்டா. போய் வெட்டுவிச்சனான். இப்ப இந்த மாதக் கடைசிக்குள்ளை பட்டியல் முடிஞ்சிடும், அண்ணை. அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

பத்திரிகைத் துண்டை மடியில் விரித்துத் தடவினார்.

"நீங்கள் எழுதினனீங்களெல்லே, ஓடி முடிச்ச கார், நிண்டுபோன கார், கணக்கிலை சேராத கார் எண்டு. எங்கடை அப்பா அந்த மூண்டு பட்டியலிலையும் இல்லை."

றெஜினா துண்டைத் திரும்ப மடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்த ஓட்டம் நடக்கிற இடம் தம்பாவுக்குக் கிட்டவோ?"

"ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை போகலாம்" என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "விசாரிச்சுப் பாக்கிறன்" என்றேன். கவுண்டரில் ஆட்களை அனுப்பிவைக்க நாங்கள் வழக்கமாகச் சொல்கிற வசனம் அது. றெஜினா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

பஸ் தரிப்பிடம்

சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். தாய்க்கும் மகளுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவது என்று மனதைக் கட்டிக்கொண்டு போனேன்.

தாய் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மெலிந்த மனுசி, தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தார். மெக்கானிக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. மீன் சாப்பிடுவீரோ, உறைப்புத் தாங்குவீரோ என்று மட்டும் கேட்டார். மேசையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி கிடந்தது. பழைய இதழ்களையும் தேடியெடுத்து, அதுவரை வந்த என்னுடைய எல்லாக் கிழமையையும் அதில் ஒட்டிவைத்திருந்தார் றெஜினா. பத்துக் கிழமை ஒருவரும் வாசிக்கவில்லையே என்று புழுங்கினவன் நான். அதை மூடி வைத்துவிட்டுக் குனிந்தபடி சாப்பிட்டு முடித்தேன்.

சொல்ல முடியவில்லை. எழும்பிவிட்டேன். றெஜினா பஸ் தரிப்பிடம்வரை வந்தார். தூறிக்கொண்டிருந்தது. அங்கே நின்றுதான் சொன்னேன்.

"அப்பிடி ஒரு ஆள் இல்லை, தங்கச்சி. நான் சும்மா எழுதினது."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. "மழை?" என்று கேட்டார்.

"மழை மெய். காருகள் மெய். அந்த ஆள் மட்டும்..."

"எங்களுக்கு அந்த ஆள் மட்டும்தானே தேவைப்பட்டது."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டு போனது.

"பகிடிக்கு எழுதினனீங்களோ?"

"இல்லை. ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டு..."

"நல்லா வாசிக்க வைச்சிட்டியள்" என்றார். குடையை விரிக்காமலே திரும்பி நடந்தார். அடுத்த பஸ் வரும்வரை, எனக்கு நானே போட்ட திட்டுகளை இங்கே எழுத முடியாது. அவமானம் என்ற சொல் இருக்கிறதே, அதை அதற்கு முன் நான் எவ்வளவு லேசாகப் பயன்படுத்தியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடித்துவைத்தது

நாலு நாள் கழித்துக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"அம்மாவுக்குச் சொல்ல ஏலாமல் கிடக்கு. நாலு நாளாப் பாத்திட்டன்."

"நான் வந்து சொல்லுறன். என்ரை பிழை."

"வேண்டாம். சும்மா எழுதின கதை எண்டு கேட்டால் அம்மா தாங்கமாட்டா. நீங்கள் ஆளை முடிச்சுவிடுங்கோ."

எனக்கு விளங்கவில்லை.

"இந்தக் கிழமை எழுதுங்கோ. அந்த மெக்கானிக் கனகாலத்துக்கு முந்தியே கண்ணை மூடிப்போட்டார் எண்டு எழுதுங்கோ. அப்பதான் அம்மா பேரைத் திரும்பக் குடுப்பா. அடிபட்டு எண்டு போடாதேங்கோ. இழுத்துப் பறிச்சுக் கிடந்தார் எண்டும் போடாதேங்கோ. பக்கத்திலை ஒரு சுவாமியார் நிண்டவர் எண்டு போடுங்கோ. அம்மாவுக்கு அதுதான் கவலை."

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? மதிய இடைவேளையில் அதே வாங்கில் இருந்து எழுதினேன். அரபு நாடுகளிலிருந்து எண்ணெய் வருவது தடைப்பட்டு, அமெரிக்காவில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஒரு காலம் உண்டு. அந்த ஆண்டு புளோரிடாவின் அந்தப் பன்னிரண்டு மணி நேர ஓட்டமும் நடக்கவில்லை, கடற்கரை நகரத்தின் இருபத்துநாலு மணி நேர ஓட்டமும் நடக்கவில்லை. என் மெக்கானிக்கை அந்த ஆண்டிலேயே படுக்க வைத்தேன். ஓட்டமில்லாத ஒரு வசந்தகாலத்தில், சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில், ஞாயிறு காலை, சுவாமியார் பக்கத்தில் நிற்க, நித்திரையில் போனார் என்று மூன்று வரி. பத்துக் கிழமை எழுதியதை விட அந்த மூன்று வரிக்கு அதிக நேரம் பிடித்தது.

"என்னடாப்பா ஆளைச் சாகடிச்சுப்போட்டாய்?" என்று பொன்னுத்துரை அண்ணை குதித்தார். "இப்பதானே சனம் வாசிக்கத் தொடங்கினது!"

நடந்ததைச் சொன்னேன். ரிசீவரைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தானே அந்தப் பக்கத்தை எழுத்துப்பிழை பார்த்து அச்சுக்கு அனுப்பினார்.

விம்பிள்டன்காரர் பெரியப்பாவுக்காக அழுதார். பழைய மாணவர் சங்கம் தன் கூட்டத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நின்றது. நான் திருத்தம் போடவில்லை. தொடரை அடுத்த கிழமையோடு நிறுத்திவிட்டேன். திருத்தம் என்று ஒன்று இருந்தால், அது நீங்கள் இப்போது வாசிப்பதுதான்.

வாசித்த பெயர்

நவம்பரில் அந்தப் பூசைக்கு வரச்சொல்லி றெஜினா கேட்டார். நான் சைவ சமயக்காரன். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் கடைசி வாங்கில் முன்னால் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மெழுகுதிரி மணமும் ஈரக் கம்பளி மணமும் கலந்து வந்தன.

சுவாமியார் பெயர்களை வாசித்தார். ஆறுதலாக, ஒவ்வொன்றாக. நெடுநேரம் போனது. போரில் போன பிள்ளைகளின் பெயர்கள், கடலில் போனவர்களின் பெயர்கள். இடையில் "சவிரிமுத்து யோசேப்பு" என்று வந்தது. தாயின் முதுகு அசையவில்லை. றெஜினாதான் குனிந்து முகத்தைத் துடைத்தார்.

பூசை முடிந்து பக்கத்து மண்டபத்தில் தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். றெஜினா எடுத்துவரப் போனார். தாய் பக்கத்துக் கதிரையைத் தட்டினார்.

"தம்பி, இதிலை இரும்."

இருந்தேன்.

"அந்தாளை நல்லபடியா அனுப்பி வைச்சீர்."

"அம்மா, நான் ஒண்டு சொல்ல வேணும்..."

"சொல்லத் தேவையில்லை. அது அவரில்லை எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

மகள் வரிசையில் நிற்பதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"அவர் கப்பலிலை இஞ்சின் அறையிலை இருக்கேல்லை, தம்பி. குசினியிலை. வெங்காயம் உரிச்சுக் கோப்பை கழுவினவர். அந்தாளுக்கு ஒரு சைக்கிள் ரியூப் ஒட்டத் தெரியாது. இவள் பள்ளிக்கூடத்திலை சொல்ல வடிவா இருக்கட்டும் எண்டு நான்தான் இஞ்சின் வேலை எண்டு சொல்லி வளத்தனான்."

நானும் றெஜினா நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"தெரிஞ்சுகொண்டு ஏனம்மா அந்தப் பேரை வெட்டச் சொன்னனீங்கள்?"

"உம்மடை பேப்பரை வாசிச்சுப்போட்டு இவள் என்னைப் பாத்து, 'அம்மா, இது அப்பாவோ?' எண்டு கேட்டவள். நாப்பது வயசு தாண்டியிட்டுது. அந்த நாள்வரைக்கும் அவள் அப்பா எண்டு சொன்னதே இல்லை, தம்பி. 'உங்கடை மனிசன்' எண்டுதான் சொல்லுவாள். விட்டிட்டுப் போனவர் எண்ட கோவம். அப்பிடிக் கேட்ட பிள்ளைக்கு முன்னாலை நான் எப்பிடி அந்தப் பேரைச் செத்த ஆக்களோடை விடுறது?"

றெஜினா மூன்று கோப்பைகளைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தார். தாய்க்கு ஒன்றைக் கொடுத்தார். எனக்கு ஒன்றைக் கொடுத்தார். எங்கள் இருவருக்கும் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

"சுவாமி அப்பான்ரை பேரை வடிவா வாசிச்சவர், என்னம்மா?"

"ஓம்" என்றார் தாய். "வடிவா வாசிச்சவர்."